1.1 ஆம் வரி

"இது பிரமிட் இல்லைத்தானே?"

கிளிநொச்சிப் பக்கம் பங்குச் சந்தை என்று வாயைத் திறந்தால் முதலில் வருகிற கேள்வி இது. கேட்கிறவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆள் சேர்த்தால் காசு, அந்த ஆள் இன்னும் இரண்டு பேரைச் சேர்த்தால் மேலும் காசு என்று வந்து போன திட்டங்களில் எங்கள் பக்கத்திலும் பலர் கையைச் சுட்டுக்கொண்டார்கள். வங்கிச் சட்டத்தின் 83சி பிரிவின்படி அது குற்றம் என்று மத்திய வங்கி விளம்பரம் போடுகிறது. சேருகிறவர்கள் சேர்ந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பிரெயின்சிப் பிரமிட் இல்லை. 2015 இலிருந்து அவுஸ்திரேலியப் பங்குச் சந்தையில் பிஆர்என் என்ற குறியீட்டில் இருக்கிற கொம்பனி. தலைமையகம் கலிபோர்னியாவில். மூளையின் நரம்புக் கலங்கள் வேலை செய்கிற விதத்தைப் பார்த்து அகிடா என்று ஒரு சிப் செய்திருக்கிறார்கள். அது படத்தில் மட்டும் இருக்கிற சிப் இல்லை, வாங்கி மேசையில் வைத்து ஓட்டிப் பார்க்கலாம். எனக்குச் சொல்ல இருப்பது வேறு. கொம்பனியும் உண்மை, சிப்பும் உண்மை, அதைப் பற்றி வருடக்கணக்காகப் படித்து எல்லாம் விளங்கியும் இருக்கிறது. அதற்குப் பிறகும் ஒரு சின்ன முதலீட்டாளர் கண்ணில் படாமல் போகிற ஒரு வரி கொம்பனியின் கணக்கு அறிக்கையில் இருக்கிறது.

இந்தப் பெயர் வன்னிக்கு வந்தது மெல்பேர்ண் வழியாக. அவுஸ்திரேலியாவில் ஆள் இருக்கிற வீடுகள் இங்கே நிறைய. இங்கிருந்துகொண்டு நேரே வெளிநாட்டுப் பங்கு வாங்க அந்நியச் செலாவணிச் சட்டம் இலேசில் விடாது. அதனால் பிள்ளையின் பெயரில், பிள்ளையின் கணக்கில், பிள்ளையின் போனில் கிடக்கிற பங்குக்கு இங்கே இருக்கிற தகப்பன் சொந்தக்காரர். பங்குதாரர் பதிவேட்டில் அவர் பெயர் கிடையாது, ஆண்டுக் கூட்டத்தில் வாக்குக் கிடையாது. மகனும் மருமகளும் வீட்டுக்கு முற்பணம் கட்ட வேண்டி வந்தால் முதலில் விலைப்படுவதும் அதுதான். இதைப் பற்றி ஒருவரும் முன்கூட்டியே கதைத்து வைப்பதில்லை.

என் பெரிய மாமா பரந்தனில் நெல் வாங்கி விற்கிறவர். கையால் அளையாமல் ஒரு மூட்டையும் ஏற்றமாட்டார். உள்ளங்கையில் போட்டு ஊதி, ஒரு மணியைப் பல்லில் கடித்துப் பார்த்து, "இன்னும் ஒரு வெயில் காட்டிப்போட்டுக் கொண்டு வாங்கோ" என்று திருப்பி அனுப்புகிற ஆள். அவர்தான் மகனின் பெயரில் பிஆர்என் வைத்திருக்கிறார். எங்கள் குடும்பத்தில் அந்தக் கொம்பனியைப் பற்றி அவரளவுக்கு அறிந்தவர் வேறு ஆளில்லை, மகன் உட்பட.

அவர் உள்ளே போன காலம் 2022 ஜனவரி. அந்த மாதம் மேர்சிடிஸ் பென்ஸ், விஷன் ஈக்யூஎக்ஸ்எக்ஸ் என்ற மாதிரிக் காரைக் காட்டியது. ஒரு தடவை சார்ஜ் ஏற்றினால் ஆயிரம் கிலோமீற்றர் ஓட வேண்டும் என்று ஒவ்வொரு வாட்டாக மிச்சம் பிடித்துச் செய்த கார். "ஹேய் மேர்சிடிஸ்" என்று கூப்பிடுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிற வேலையை அகிடாவில் ஓட்டிப் பார்த்ததாகவும், அது வழமையான முறையைவிட 5 முதல் 10 மடங்கு சிக்கனம் என்றும் மேர்சிடிஸே சொன்னது. 2020 தொடக்கத்தில் சில சதங்களுக்குக் கிடந்த பங்கு 2 அவுஸ்திரேலிய டொலரைத் தாண்டிப் போனது. கொம்பனியின் மொத்தச் சந்தைப் பெறுமதி 4 பில்லியன் டொலரை நெருங்கியது. மாமாவின் காசு போய்ச் சேர்ந்தது அந்த உச்சிக்கு மிகக் கிட்ட.

பிறகு விலை இறங்கியது. ஆனால் அதே வருடம் இங்கே ரூபாயும் விழுந்தது. ஜனவரியில் 200 ரூபாயாக இருந்த அமெரிக்க டொலர் மே மாதம் 360 இல் நின்றது. ரூபாய்க் கணக்கில் பார்த்த மாமாவுக்குப் பங்கு விழுந்த அடி பாதிதான் உறைத்தது. "இஞ்ச வங்கியில கிடந்திருந்தா இதைவிட மோசமாப் போயிருக்கும்" என்றார். உட்கார்ந்து கணக்குப் போட்டால் அது சரிவராது. ஆனால் டீசலுக்கு வரிசையில் நின்ற அந்த வருடம் யார் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள்?

சரி, சிப் என்ன செய்கிறது? வழமையான கணினி ஒரு கமராப் படத்தைப் பார்க்கும்போது ஒவ்வொரு புள்ளியையும் ஒவ்வொரு தடவையும் பெருக்கிக் கூட்டிப் பார்க்கும். முன்னால் வெறும் வயல் கிடந்தாலும் அதே உழைப்புத்தான். போதாததற்கு நினைவகத்துக்கும் கணிப்பானுக்கும் இடையே தரவை அள்ளிக்கொண்டு ஓடுவதிலேயே மின்சாரத்தின் பெரும்பங்கு போய்விடும். நியூரோமோர்ஃபிக் என்று சொல்லப்படுகிற வகையில், மாற்றம் வந்தால்தான் செயற்கை நரம்பு துடிக்கும், இல்லாவிட்டால் சும்மா கிடக்கும். நினைவகமும் கணிப்புக்குப் பக்கத்திலேயே இருக்கும். மனித மூளை ஏறத்தாழ 20 வாட்டில் ஓடுகிறதே, அந்தச் சிக்கனத்தில் கொஞ்சத்தையாவது சிலிக்கனில் பிடிக்கலாம் என்ற எண்ணம் இது. புதிதும் இல்லை. கலிபோர்னியாவின் கல்ரெக் பல்கலைக்கழகத்தில் கார்வர் மீட் 1980களிலேயே இந்தப் பாதையைத் தொடங்கிவிட்டார். ஐபிஎம் 2014 இல் ட்ரூநோர்த் என்ற சிப்பைக் காட்டியது. 10 இலட்சம் செயற்கை நரம்புக் கலங்கள், ஓடுவதற்கு 70 மில்லிவாட் அளவு. இன்ரெல் 2017 இல் லோய்ஹி, 2024 இல் 115 கோடி கலங்களுடன் ஹாலா பொயின்ற். இவை ஒன்றும் கடைக்கு வரவில்லை, ஆராய்ச்சிக்கூடத்தோடு நின்றன.

இந்தக் கடைசி வசனத்தை இரண்டு விதமாக வாசிக்கலாம். மாமா வாசிக்கிற விதம்: "பெரிய கொம்பனியளே செய்யாததை எங்கட ஆக்கள் சந்தைக்குக் கொண்டு வந்திட்டினம்." என் வாசிப்பு: இன்ரெல்லிடமும் ஐபிஎம்மிடமும் காசுக்குப் பஞ்சமில்லை, பொறியியலாளர்களுக்கும் பஞ்சமில்லை. வாங்க ஆள் இருந்திருந்தால் விட்டுவைத்திருப்பார்களா?

என் தொழில் சோலர் பம்பும் சிசிரிவி கமராவும் பூட்டுவது. அதனால் இப்படி ஒரு சிப் யாருக்குத் தேவை என்று கேட்டால் என்னிடம் உடனடிப் பதில் ஒன்று இருந்தது: யானை. நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் பக்கம் காலபோக நெல் முற்றுகிற நேரம் இரவு முழுக்கக் காவல் கிடக்கிறார்கள். யானை வெடியும் பந்தமும் வைத்துக்கொண்டு, கொட்டிலில் கண் முழித்து. காட்டுக்கரையில் ஒரு கமரா, யானையை மட்டும் இனங்கண்டு சைரன் அடித்து வீட்டுக்காரனின் போனுக்குச் சொல்ல வேண்டும். மாடு வந்தால் பேசாமல் இருக்க வேண்டும். இணையமும் நம்பக்கூடியதில்லை, ஆகவே இனங்காணல் கமராவுக்குள்ளேயே நடக்க வேண்டும். விளம்பரத்தில் எழுதுகிற மாதிரியான வேலை.

செய்து பார்த்தபோது கணக்கு இப்படி வந்தது. 12 வோல்ட், 7 அம்பியர்-மணி பற்றரி. உள்ளே 84 வாட்-மணி. ஈயப் பற்றரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் போய்விடும், எனவே கையில் 42. படத்தைப் பார்த்து யோசிக்கிற சின்னக் கணினிக்கு 5 வாட். மாலை ஆறு மணிக்குத் தொடங்கினால் இரவு இரண்டரைக்குப் படுத்துவிடும். யானை வருகிற நேரமும் அதுதான். மாரி மப்பில் பகலில் பற்றரி நிறையாவிட்டால் அந்த இரண்டரையும் இல்லை.

இந்த இடத்தில் மாமா குறுக்கே வருவார். "அதுக்குத்தானடா அகிடா. மில்லிவாட்டில ஓடும்."

ஓடும். ஆனால் இருட்டில் கமராவுக்குக் கண் தெரிய அகச்சிவப்பு விளக்கு வேண்டும், அதற்கு 6 வாட். போனுக்குச் செய்தி அனுப்ப ஒரு 4ஜி மோடம், அதற்கு 3 வாட். நான் மேலே சொன்ன கணக்கில் இவை சேரவே இல்லை. சேர்த்துப் பார்த்தால் மொத்தம் 14 வாட், அதில் சிப்பின் பங்கு 5. அந்த 5 ஐப் பூச்சியமாக்கினாலும் மற்ற 9 அப்படியே நிற்கும். நான் கடைசியில் செய்தது பெரிய பற்றரி போட்டதும், யாரும் நடமாடினால் மட்டும் விளக்கை எழுப்புகிற ஒரு சாதாரண அசைவு உணரியை முன்னால் வைத்ததும்தான். யோசிக்கிற வேலைக்கு இஎஸ்பி32 வகை மலிவுப் பலகை. யானையையும் மாட்டையும் பிரித்தறிய அது போதும். எப்போதாவது மரையைப் பார்த்துக் கத்தும், அதை வீட்டுக்காரர் மன்னித்துவிட்டார்.

இந்தச் சின்னக் கணக்குத்தான் அந்தப் பெரிய கொம்பனியின் வியாபாரப் பிரச்சினையும் என்று நினைக்கிறேன். பற்றரியைப் பெருப்பிக்கவே முடியாத இடங்கள் உண்டு: காதுக் கருவி, செயற்கைக்கோள், உடம்புக்குள் வைக்கிற கருவி. அங்கே மில்லிவாட் பொன். 2024 டிசம்பரில் விண்வெளிச் சிப் செய்கிற ஃபுரொன்ற்கிரேட் கைஸ்லர் அகிடாவின் வடிவமைப்பைத் தன் சிப்பில் பயன்படுத்த லைசன்ஸ் வாங்கியது இந்தக் காரணத்தால்தான். ஆனால் உலகத்தில் ஒரு வருடத்தில் பறக்கவிடுகிற செயற்கைக்கோள் எத்தனை? எண்ணிக்கையில் கோடிக்கணக்காகப் போகிற கமரா, மணிக்கூடு, விளையாட்டுச் சாமான் எல்லாவற்றிலும் எதிராளி, செயற்கை அறிவுச் சிப்பில் பெரிய ஆளான என்விடியா இல்லை. ஒன்றிரண்டு டொலருக்குக் கிடைக்கிற, வருடாவருடம் கொஞ்சம் கெட்டிக்காரத்தனம் கூடிக்கொண்டு வருகிற, எல்லாப் பொறியியலாளருக்கும் ஏற்கெனவே பழகிப்போன சாதாரணச் சிப். அறிவியல் நகரில் இருக்கிற யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தில் படித்துவிட்டு வருகிற பிள்ளைகளும் அதில்தான் கை பழகி வருகிறார்கள். பழகியதை விட்டுவிட்டுப் புதிய கருவி, புதிய மென்பொருள், புதிய மாதிரி வலையமைப்பு என்று ஒருவன் மாற வேண்டுமென்றால் கிடைக்கிற இலாபம் சும்மா கொஞ்சமாக இருந்தால் காணாது.

டிசம்பரில் மெல்பேர்ண் ஆட்கள் வந்து நின்றபோது மாமாவின் நெல் களஞ்சியத்து முன்விறாந்தையில் இதைப் பற்றி நல்ல கதை நடந்தது. அதில் நான் கவனித்தது, ஒருவரும் விற்பனையைப் பற்றிக் கதைக்கவில்லை. கதைத்தது தடயங்களைப் பற்றி. ஒரு கார்க் கொம்பனியின் பொறியியலாளர் அகிடா பற்றிய பதிவுக்கு விருப்பம் போட்டிருக்கிறார். இன்னொரு கொம்பனியின் காப்புரிமை விண்ணப்பத்தில் துடிப்பு நரம்பு வலையமைப்பு என்று வருகிறது. கண்காட்சியில் இரண்டு கொம்பனிகளின் கூடாரம் பக்கத்துப் பக்கத்தில்.

"அப்ப ஏன் அவை அறிவிக்கேல்லை?" என்று கேட்டேன்.

"என்டிஏ போட்டிருப்பினம். வாய் திறக்க ஏலாது" என்றார் மெல்பேர்ண் அத்தான்.

இந்தப் பதிலை மறுத்துக் கதைக்க வழியே இல்லை. அறிவிப்பு வந்தால் வெற்றி. வராவிட்டால் இரகசிய ஒப்பந்தம், ஆகவே அதுவும் வெற்றி. விலை இறங்கினால் அது, விலை விழும் என்று பந்தயம் கட்டுகிற குறுவிற்பனைக்காரரின் வேலை. குறுவிற்பனை எவ்வளவு என்று அவுஸ்திரேலிய ஒழுங்குமுறை ஆணைக்குழு வெளியிடுகிற பட்டியலையும் இவர்கள் பார்க்கிறார்கள், நன்றாகவே பார்க்கிறார்கள். கேட்டால் புள்ளிவிபரம் சொல்வார்கள். இரகசிய ஒப்பந்தம் இருக்கவே முடியாது என்று நான் சொல்லவில்லை, சிப் தொழிலில் அது வழமை. ஆனால் காசு உள்ளே வந்தால் அதை எந்த ஒப்பந்தமும் மறைக்காது. வாடிக்கையாளரின் பெயரை மறைக்கலாம், தொகை கணக்கில் ஏறித்தான் ஆக வேண்டும்.

அது ஏறுகிற இடம் 4சி. இன்னும் நிரந்தர வருமானம் காணாத இப்படிப்பட்ட கொம்பனிகள் காலாண்டு முடிந்து ஒரு மாதத்துக்குள் பங்குச் சந்தைக்குக் கொடுக்க வேண்டிய காசோட்ட அறிக்கை. முன்னால் சில பக்கங்கள் கொம்பனி தன் சொந்த வசனத்தில் எழுதுகிற கதை: கூட்டாளிகள், கண்காட்சிகள், புதிய காப்புரிமைகள். அதற்குப் பின்னால் எல்லாக் கொம்பனிக்கும் ஒரே அச்சில் வருகிற ஒரு பட்டியல். அதன் முதல் வரி, இலக்கம் 1.1: வாடிக்கையாளரிடமிருந்து வந்த காசு. கீழே சம்பளம், ஆராய்ச்சி, நிர்வாகம். இன்னும் கீழே 8.5: இந்தப் போக்கில் போனால் கையிருப்பு எத்தனை காலாண்டுக்குக் காணும். அது இரண்டுக்குக் கீழே போனால் இனி என்ன செய்யப்போகிறீர்கள் என்று அதே படிவம் கேள்வி கேட்கும். கெட்டிக்காரத்தனமான படிவம். கிளிநொச்சியில் கடன் கொடுக்கிற சிலருக்கு இதை அச்சடித்துக் கொடுக்கலாம் என்று நினைத்ததுண்டு.

வருடக் கணக்கில் பார்த்தால் 2022 இல் வருமானம் 5 மில்லியன் அமெரிக்க டொலரைச் சற்றுத் தாண்டியது. ஜப்பானின் சிப் கொம்பனிகளான ரெனெசாஸ் 2020 இலும் மெகாசிப்ஸ் 2021 இலும் லைசன்ஸ் எடுத்திருந்தன. இனிமேல் ஏறுமுகம்தான் என்று எல்லோரும் எதிர்பார்த்த 2023 இல் அது இரண்டரை இலட்சம் டொலருக்கும் கீழே இறங்கியது. அந்த வருட நட்டம் 28 மில்லியனுக்கு மேல். லைசன்ஸ் கட்டணம் ஒரு தரம் வந்து நின்றுவிடும். வாங்கியவன் தன் சிப்பை வடிவமைத்து, செய்து, விற்றால்தான் ஒவ்வொரு சிப்புக்கும் ரோயல்டி வரும், அதற்குச் சில வருடங்கள் எடுக்கும். காருக்கென்றால் இன்னும் கூட. அதுவரை சம்பளம் யார் கொடுப்பது? பங்குதாரர்தான். 2020 இல் எல்டிஏ கெப்பிற்றல் என்ற நிறுவனத்தோடு ஒரு ஒப்பந்தம் செய்தார்கள். காசு தேவைப்படும்போது கொம்பனி புதுப் பங்கு வெளியிட்டு, சந்தை விலையில் கழிவோடு அவர்களுக்குக் கொடுக்கும். ஒவ்வொரு தடவையும் மொத்தப் பங்கு கூடும், பழைய பங்குதாரரின் பாகம் சுருங்கும். இதில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை, எல்லாம் அறிவிப்பில் இருக்கிறது.

ரோயல்டி வந்தாலும் எவ்வளவு வரும்? நானே ஒரு தொகையைக் கற்பனை செய்தேன்: ஒரு சிப்புக்கு அரை டொலர். இந்தத் தொழிலில் அது தாராளம். மேர்சிடிஸ் வருடத்துக்கு ஏறத்தாழ 20 இலட்சம் கார் விற்கிறது. எல்லாக் காரிலும் ஒவ்வொன்று பூட்டினாலும் வருவது 1 மில்லியன் டொலர். 2023 இன் நட்டத்தை மட்டும் ஈடுகட்ட 5 கோடியே 60 இலட்சம் சிப் போக வேண்டும். 2022 ஜனவரியில் விலையை ஏற்றிய செய்தி ஒரே ஒரு மாதிரிக் காரைப் பற்றியது. இதை முன்விறாந்தையில் சொன்னபோது அத்தான் "ஒரு காருக்குள்ள நாலைஞ்சு வைப்பாங்கள்" என்றார். சரி, அஞ்சு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சிப்பை நான் மட்டமாக நினைக்கவில்லை. பறக்கிற பொருளுக்கோ உடம்பில் ஒட்டுகிற கருவிக்கோ ஏதாவது செய்யக் கிடைத்தால் முதலில் அதைத்தான் பார்ப்பேன். பத்து வருடத்துக்குப் பிறகு இந்த வகைச் சிப்புகள் எல்லா இடத்திலும் இருந்தாலும் எனக்கு ஆச்சரியமில்லை. அவற்றை விற்கிறது இந்தக் கொம்பனியாக இருக்குமா, அப்போது மாமாவின் மகனிடம் இருக்கிற பாகம் எவ்வளவாக இருக்கும் என்பவை வேறு இரண்டு கேள்விகள்.

எல்லோரும் சாப்பிடப் போன பிறகு மாமாவோடு இருந்து அந்த 2023 கணக்கைத் திறந்தேன். முன் பக்கங்கள் அவருக்குப் பாடம். எந்தப் பந்தியில் எந்தக் கூட்டாளியின் பெயர் வருகிறது என்று பார்க்காமலே சொன்னார். பட்டியலை அவர் அதுவரை பார்த்ததில்லை, "அது கணக்காளருக்கு" என்று விட்டிருக்கிறார். வருமானத்துக்கு நேரே இருந்த தொகையைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பார்த்தார்.

"இது எத்தினை ரூபா?"

"அப்பத்த விலைக்கு ஏழரைக் கோடி மட்டில."

கொஞ்ச நேரம் வாய்க்குள் கணக்குப் போட்டார். "கிலோ நூறு ரூபா எண்டு வைச்சா 750 தொன். ரெண்டு போகத்திலயும் நானும் பக்கத்து மில்லுக்காரனும் ஏத்துற நெல்லடா இது." பிறகு கேட்டார், "இதுக்கு அங்க எத்தினை பேருக்குச் சம்பளம்?"

அடுத்த வரியில் விரலை வைத்துக் காட்டினேன். வாசித்தார். அதற்கடுத்த வரியையும் வாசித்தார். 8.5 என்று ஒன்று இருக்கிறது, அது காலாண்டு அறிக்கையில்தான் வரும் என்றேன். அதையும் எடுக்கச் சொன்னார்.

பங்கை விற்கச் சொல்லி அவர் மகனிடம் கேட்கவில்லை. அன்று இரவே அவனுக்கு ஒரு குரல் செய்தி அனுப்பினார்: "தம்பி, இனி அந்த அறிக்கை வந்தா முன் பக்கங்களை அனுப்பாத. கடைசியில ஒரு பட்டியல் இருக்காம், அதை மட்டும் அனுப்பு."